மண்மேட்டில் ஒரு நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பூங்காவின் ஓரத்தில் உள்ள மண் தளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருக்கின்றனர். இரவு பெய்த மழையில் மேடுகளுக்கு இடையே தேங்கிய நீரை ஒருவர் வாளியில் முகந்து வெளியே ஊற்றுகிறார். இன்னொருவர் அந்தப் பள்ளத்தில் காய்ந்த மண்ணைக் கொட்டி, காலால் மிதித்து இறுக்குகிறார். வளைவுகளில் கிடக்கும் இலைகளையும் சிறு கற்களையும் இரண்டு பெண்கள் பெருக்கித் தள்ளுகின்றனர். இவர்களுள் எவரும் கூலிக்கு வேலை செய்பவர் அல்லர். அன்று பந்தயத்தில் கலந்துகொள்ளும் பிள்ளைகளின் பெற்றோர்களும், கழகத்தின் தொண்டூழியர்களுமே இவர்கள்.

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் வார இறுதிகளில் நடைபெறும் வட்டார பிஎம்எக்ஸ் மிதிவண்டிப் பந்தயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. ஒரு பந்தயம் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். ஆனால், அந்த ஒரு நிமிடத்திற்காக ஒரு சமூகமே நாள் முழுவதும் உழைக்கிறது.

பெயரும் பிறப்பும்

‘பைசிக்கிள் மோட்டோகிராஸ்’ என்பதன் சுருக்கமே பிஎம்எக்ஸ். மேடு பள்ளம் நிறைந்த மண் தடத்தில் மோட்டார் சைக்கிள்களை விரைவாக ஓட்டிச் செல்லும் பந்தயத்திற்கு ‘மோட்டோகிராஸ்’ என்று பெயர். 1970ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துச் சிறுவர்கள் அந்தப் பந்தய வீரர்களைப் பார்த்து வியந்தனர். மோட்டார் சைக்கிள் வாங்க அவர்களுக்கு வயதும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே, தங்களிடம் இருந்த சிறிய மிதிவண்டிகளை வெற்று நிலங்களுக்கு எடுத்துச் சென்று, மண்ணைக் குவித்து மேடுகள் செய்து, தங்களுக்குள் போட்டியிட்டனர். 1971ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஆன் எனி சண்டே’ என்னும் ஆவணப்படத்தின் தொடக்கத்தில் சிறுவர்கள் இவ்வாறு மிதிவண்டி ஓட்டும் காட்சி இடம்பெற்றது. அதைப் பார்த்த பிற ஊர்ச் சிறுவர்களையும் இந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது.

விளையாட்டு வேகமாக வளர்ந்தது. 1981ஆம் ஆண்டு அனைத்துலக பிஎம்எக்ஸ் கூட்டமைப்பு தோன்றியது. மறு ஆண்டே முதல் உலக வெற்றியாளர் போட்டி நடைபெற்றது. 1993ஆம் ஆண்டு முதல், அனைத்துலக மிதிவண்டி ஓட்டச் சங்கத்தின்கீழ் இவ்விளையாட்டு இயங்கி வருகிறது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஎம்எக்ஸ் பந்தயம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெரியவர்கள் திட்டமிட்டு உருவாக்கிய விளையாட்டுகள் பல உண்டு. சிறுவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்து, பின்னர் ஒலிம்பிக் வரை சென்ற விளையாட்டுகள் சிலவே. அவற்றுள் பிஎம்எக்ஸ் ஒன்று.

பதிவும் சோதனையும்

போட்டி நாளின் முதல் வேலை பெயர்ப் பதிவு. சிறிய கூடாரத்தின்கீழ் மேசை போட்டு இரண்டு தொண்டூழியர்கள் அமர்ந்திருப்பார்கள். போட்டியாளரின் பெயர், வயது, எண் ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள். பிள்ளைகள் வயது வாரியாகப் பிரிக்கப்படுவார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் ஓட்டலாம். ஐம்பது வயதுத் தந்தையும் தம் வயதுக்குரிய பிரிவில் ஓட்டலாம்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசம், விரல்களை மறைக்கும் கையுறை, நீண்ட கைச் சட்டை, நீண்ட காற்சட்டை ஆகியவை கட்டாயம். மிதிவண்டியையும் விட்டுவைக்க மாட்டார்கள். கைப்பிடிக் குழாயின் இரு முனைகளும் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். திறந்த குழாய் முனை, விழும்போது உடலைக் கிழித்துவிடும். பின் சக்கர பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

பந்தயத்திற்கான பிஎம்எக்ஸ் மிதிவண்டி பார்ப்பதற்கு எளிமையானது. சக்கரத்தின் விட்டம் 20 அங்குலம். ஒரே ஒரு கியர்தான் உண்டு. முன் சக்கரத்திற்கு பிரேக் கிடையாது. மணி, விளக்கு, நிறுத்துதாங்கி எதுவும் இல்லை. இருக்கை மிகவும் தாழ்வாக இருக்கும். ஏனெனில், பந்தயத்தின்போது எவரும் அதில் அமர்வதில்லை. தொடக்கம் முதல் இறுதிவரை நின்றுகொண்டேதான் ஓட்டுவார்கள்.

தடம் சொல்லும் பாடம்

பந்தயத் தடம் பொதுவாக 300 முதல் 400 மீட்டர் நீளம் இருக்கும். அது ஒரு பெரிய பாம்பு நெளிந்து கிடப்பதுபோல் தோன்றும். ஒரு முனையில் உயரமான தொடக்க மேடை. உலகத் தரப் போட்டிகளில் இதன் உயரம் 8 மீட்டர். அதாவது, ஏறக்குறைய மூன்று மாடி உயரம். வட்டாரக் கழகங்களின் மேடைகள் இதைவிடத் தாழ்வானவை. மேடையிலிருந்து இறங்கியதும் நேர்த் தடம், வளைவு, மீண்டும் நேர்த் தடம் என மாறி மாறி வரும். நேர்த் தடங்களில் பல வகையான மண்மேடுகள் இருக்கும்.

புதிதாக வருவோர் மேடுகளைக் கண்டதும் உயரத் தாவ வேண்டும் என்றே நினைக்கின்றனர். உண்மையில், உயரத் தாவுபவர் பெரும்பாலும் பின்தங்கிவிடுவார். மிதிவண்டி காற்றில் இருக்கும் நேரத்தில் பெடலை மிதித்து வேகம் கூட்ட முடியாது. ஆகவே, தேர்ந்த ஓட்டுநர்கள் தாழ்வாகத் தாவி, விரைவில் தரையைத் தொடவே முயல்கின்றனர். சிறு மேடுகளில் தாவாமலேயே கடந்து செல்வதும் உண்டு. மேட்டில் ஏறும்போது கை கால்களை மடக்கி உடலைத் தளர்த்த வேண்டும். இறங்கும்போது அவற்றை நீட்டி மிதிவண்டியைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். ஊஞ்சலில் நின்று ஆடுபவர் உரிய நேரத்தில் உடலைத் தாழ்த்தியும் உயர்த்தியும் வேகம் கூட்டுவதைப் போன்றதே இது. சரியான நேரத்தில் செய்தால், ஒரு முறைகூட பெடலை மிதிக்காமல் வேகத்தைப் பெருக்கலாம். நேரம் தவறினால் அதே மேடு வேகத்தை விழுங்கிவிடும்.

வளைவுகள் கிண்ணத்தின் ஓரத்தைப் போல உட்புறமாகச் சரிந்திருக்கும். சமமான தரையில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் வழுக்கும். சரிந்த வளைவிலோ தரையே மிதிவண்டியை உட்புறமாகத் தள்ளுகிறது. அதனால், வேகத்தைக் குறைக்காமலேயே திரும்ப முடிகிறது. முந்திச் செல்லும் வாய்ப்பும் இங்கேதான் கிடைக்கும். முன்னால் செல்பவர் வளைவின் மேற்பகுதியில் போகும்போது, பின்னால் வருபவர் உயரத்திலிருந்து சரிந்து உட்புறமாக நுழைந்துவிடலாம்.

தடுப்பு விழும் நொடி

பயிற்சி ஓட்டங்கள் முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்படும். யார் எந்தச் சுற்றில், எந்த வரிசை எண்ணில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகள் பலகையைச் சுற்றி மொய்ப்பார்கள். சிலர் மறந்துவிடாமல் இருக்க, எண்களைப் புறங்கையில் எழுதிக்கொள்வார்கள்.

ஒரு பந்தயத்தில் அதிகபட்சம் எட்டுப் பேர். தொடக்க மேடையின் விளிம்பில் ஓர் இரும்புத் தடுப்பு நிமிர்ந்து நிற்கும். எட்டுப் பேரும் தங்கள் முன் சக்கரத்தை அதில் முட்டுக்கொடுத்து, இரு கால்களையும் பெடல்மீது வைத்து, அசையாமல் நிற்க வேண்டும். ஒலிபெருக்கியில் பதிவு செய்யப்பட்ட குரல் ஒலிக்கும். “ஓட்டுநர்களே, தயாராகுங்கள், தடுப்பைக் கவனியுங்கள்” என்பது அதன் பொருள். அதன் பிறகு ஒரு சிறிய மௌனம். பிறகு விளக்குகள் அடுத்தடுத்து எரிய, ஓசைகள் எழ, தடுப்பு சட்டென்று முன்பக்கம் விழும்.

அந்த மௌனத்தின் நீளம் ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு முறை நொடியில் பத்தில் ஒரு பங்கு. மறுமுறை இரண்டரை நொடிக்கும் மேல். அதைத் தீர்மானிப்பது மனிதர் அல்லர், கருவி. எவரும் முன்கூட்டியே கணித்துப் புறப்படக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பொறுமை இழந்து முந்துபவரின் சக்கரம் இன்னும் விழாத தடுப்பில் மோதி நிற்கும். தயங்குபவரை மற்ற எழுவரும் கடந்துவிடுவார்கள். முதல் நேர்த் தடத்தில் முன்னணியில் இருப்பவருக்கே முதல் வளைவில் விருப்பமான வழி கிடைக்கும். அதனால்தான், பந்தயத்தின் பாதி வெற்றி முதல் சில நொடிகளில் அடங்கியிருக்கிறது என்று பயிற்றுநர்கள் கூறுவர்.

புள்ளிக் கணக்கு

ஒரு முறை தோற்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை என்பது வட்டாரப் பந்தயங்களின் சிறப்பு. ஒவ்வொருவருக்கும் பொதுவாக மூன்று தகுதிச் சுற்றுகள் உண்டு. முதலிடத்திற்கு ஒரு புள்ளி, இரண்டாம் இடத்திற்கு இரண்டு புள்ளி, எட்டாம் இடத்திற்கு எட்டுப் புள்ளி. மூன்று சுற்றுகளின் புள்ளிகளும் கூட்டப்படும். குறைந்த புள்ளி பெற்ற நால்வர் அடுத்த கட்டத்திற்குச் செல்வர். இருவரின் புள்ளிகள் சமமானால், கடைசித் தகுதிச் சுற்றில் முன்னிலை பெற்றவருக்கே வாய்ப்பு.

இந்தக் கணக்கின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முதன்முதலாகப் போட்டியிடும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அவள் முதல் சுற்றில் ஐந்தாவதாகவும் இரண்டாம் சுற்றில் நான்காவதாகவும் வருகிறாள். மூன்றாம் சுற்றில் நான்காம் இடத்தில் விரைந்துகொண்டிருக்கும்போது, இரண்டாவது வளைவில் சக்கரம் வழுக்கி விழுந்துவிடுகிறாள். நால்வர் அவளைக் கடந்து செல்கின்றனர். உடலில் காயமில்லை, ஆனால், கண்களில் நீர் முட்டுகிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிச் சிறிது நேரம் அப்படியே அமர்ந்திருக்கிறாள். பிறகு, மிதிவண்டியை நிமிர்த்தி, ஏறி, எட்டாவதாகக் கோட்டைக் கடக்கிறாள்.

அவளது மொத்தப் புள்ளி 17. வேறொரு சிறுமி 6, 6, 5 என அதே 17 புள்ளிகளைப் பெற்றிருக்கிறாள். கடைசிச் சுற்றில் அவளே முன்னால் வந்ததால், நான்காவது வாய்ப்பு அவளுக்குச் செல்கிறது. விழுந்தவள் உடனே எழுந்து, ஒரே ஒருவரை முந்தி ஏழாவதாக வந்திருந்தால், 16 புள்ளிகளுடன் தகுதி பெற்றிருப்பாள். தரையில் அமர்ந்திருந்த அந்தச் சில நொடிகளே இறுதிச் சுற்றுக்கும் அவளுக்கும் இடையே நின்றுவிட்டன. பட்டியலைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு அது புரிகிறது. விழுந்தால் எழுந்து ஓட்ட வேண்டும் என்று பெரியவர்கள் ஆயிரம் முறை சொல்லியும் பதியாத பாடத்தை, ஒரு சிறிய கூட்டல் கணக்கு பதிய வைத்துவிடுகிறது.

கொடி பிடிக்கும் கைகள்

தடத்தின் பல இடங்களில் கொடியுடன் தொண்டூழியர்கள் நிற்பார்கள். பச்சைக் கொடி, தடம் தடையின்றி இருப்பதைக் குறிக்கும். எவரேனும் விழுந்து தடத்தில் கிடந்தால் மஞ்சள் கொடி உயரும். அடுத்த குழுவினர் மேடையிலேயே நிறுத்தி வைக்கப்படுவர். சிவப்புக் கொடி உயர்ந்தால் பந்தயமே நிறுத்தப்படும். முதலுதவிக் குழு இல்லாமல் எந்தப் பந்தயமும் தொடங்குவதில்லை.

இந்த எச்சரிக்கைகள் வெறும் சடங்கு அல்ல. ஆஸ்திரேலிய வீரர் கை சகாகிபாரா 2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் உலகக் கிண்ணப் போட்டி ஒன்றில் விழுந்து, மூளையில் கடுமையான காயமடைந்தார். பல வாரங்கள் நினைவிழந்து கிடந்த அவரால் மீண்டும் பந்தயத்திற்குத் திரும்ப முடியவில்லை. சிறு வயதில் அண்ணனைப் பின்பற்றி இவ்விளையாட்டிற்கு வந்தவர் அவருடைய தங்கை சாயா சகாகிபாரா. அவர் 2021ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கின் அரையிறுதியில் விழுந்து வாய்ப்பை இழந்தார். பின்னரும் தலையில் அடிபட்டதால், விளையாட்டைத் தொடர்வதா விடுவதா என்ற கேள்வி அவர்முன் நின்றது. அவர் தொடர்ந்தார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், அண்ணனின் எண்ணாகிய 77ஐத் தாங்கி ஓட்டித் தங்கப் பதக்கம் வென்றார். வேகத்தை விரும்பும் விளையாட்டில் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. அதைக் குறைப்பது ஒவ்வொருவரின் கடமை. ஆகவேதான், தலைக்கவசத்தின் பட்டையைச் சரியாகக் கட்டாத பிள்ளையை, எவ்வளவு கெஞ்சினாலும் மேடையேற விடுவதில்லை.

பதக்கத்தின் பின்னால் ஒரு பூங்கா

இலண்டனின் தென்பகுதியில் உள்ள பெக்கம் வட்டாரத்தில், 2004ஆம் ஆண்டு மைக்கேல் பூசி என்பவர் பிள்ளைகளுக்காக பிஎம்எக்ஸ் கழகம் ஒன்றைத் தொடங்கினார். வசதி குறைந்த குடும்பங்கள் பல வாழும் பகுதி அது. 2013ஆம் ஆண்டு அங்குள்ள பர்கஸ் பூங்காவில் முறையான பந்தயத் தடம் அமைந்தது. அக்கழகத்தில் ஓட்டப் பழகிய கை வைட், 2021ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

அதே நாளில், சில நிமிடங்கள் கழித்து, பிரிட்டனின் பெத்தனி ஷ்ரீவர் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றார். சில ஆண்டுகளுக்கு முன்பு பிரிட்டனில் பெண்களுக்கான பிஎம்எக்ஸ் பந்தயத்திற்கு உயர்மட்ட நிதி ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தது. அப்போது அவர் பள்ளியில் பகுதிநேர உதவியாளராக வேலை செய்தார்; பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, போட்டிகளுக்குப் பயணம் செய்தார். வெற்றிக் கோட்டைக் கடந்ததும் கால்கள் தளர்ந்து தரையில் சாய்ந்த அவரைக் கை வைட் ஓடிவந்து தூக்கிக்கொண்டார். இருவருமே சிறு வயதில் உள்ளூர்க் கழகங்களில் ஓட்டிப் பழகியவர்கள். யாரோ பெருக்கிய வளைவிலும், யாரோ இறுக்கிய மேட்டிலும்தான் அவர்களது பயணம் தொடங்கியது.

சிங்கப்பூருக்கும் இவ்விளையாட்டில் ஒரு நினைவு உண்டு. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டிகள் சிங்கப்பூரில் நடைபெற்றபோது, பிஎம்எக்ஸ் பந்தயங்கள் தெம்பனிஸ் மிதிவண்டிப் பூங்காவில் நடந்தன. அதன் பிறகு உள்ளூர் ஓட்டுநர்கள் அங்கே பயிற்சி செய்து வந்தனர். 2014ஆம் ஆண்டு அந்தப் பூங்கா மூடப்பட்டது. அந்நிலம் வீடுகள் கட்டுவதற்குத் தேவைப்பட்டது. நிலம் குறைந்த நாட்டில் வீடும் தேவை, விளையாட்டுத் தளமும் தேவை. இரண்டில் எதற்கு முதலிடம் தருவது என்பது எளிதான கேள்வி அன்று. மண் தளம் என்பது மலையைப் போல் நிலைத்து நிற்பதன்று. பயன்படுத்துவோரும் பராமரிப்போரும் இருக்கும்வரைதான் அது தளம். இல்லாவிட்டால் சில மழைக்காலங்களில் வெறும் புல்மேடாகிவிடும்.

மாலை

பிற்பகலில் இறுதிச் சுற்றுகள் நடைபெறுகின்றன. நாள் முழுவதும் கொடி பிடித்த தந்தையர், தம் பிள்ளை ஓடும்போது மட்டும் கொடியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, தடத்தின் ஓரத்தில் ஓடியபடி குரல் கொடுக்கின்றனர். முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் கோட்டிற்கு அப்பால் நின்று, கையுறையணிந்த கைகளைத் தட்டிக்கொள்கின்றனர். பரிசளிப்பு பத்து நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கோப்பைகள் சிறியவை, கைதட்டல் பெரிது.

பிறகு கூடாரங்கள் மடிக்கப்படுகின்றன. குப்பைகள் பொறுக்கப்படுகின்றன. சக்கரங்கள் கிளறிய மண் வாரியால் நிரவப்படுகிறது. இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறாத பிள்ளைகளும் ஆளுக்கொரு துடைப்பத்தை எடுத்துக்கொள்கின்றனர். அவர்களுள் அந்த ஒன்பது வயதுச் சிறுமியும் இருப்பாள். தான் வழுக்கி விழுந்த இரண்டாவது வளைவை அவள் பெருக்குவாள். எந்த இடத்தில் உதிரி மண் சேர்ந்திருந்தது, தன் சக்கரம் எங்கே பிடி இழந்தது என்பதை அப்போதுதான் கூர்ந்து பார்ப்பாள். அடுத்த பந்தயத்திற்கான அவளது பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.